எண்பதைத் தாண்டினால்

2012 ஜூன் 11, திங்கள்
நேற்று மகள் தர்ஷிகாவின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்தது. சோளகக் காற்று விடாமல் அடிக்கிறது, வீடு முழுக்க மணல். அவளின் கொம்பியூட்டர் பெட்டிக்குள் போகாமல் அவளின் போர்வையால் சுற்றிக் கட்டி வைத்திருக்கிறேன்.
கோவிலில் பைபிள் வாசிக்க என்று ஆறேழு தரம் வாசித்துப் பழகி, அதில் பதிந்து வைத்திருக்கிறாள். கேட்கப் போட்டேன். பாதியில் தானாக நின்றுவிட்டது. பிள்ளையின் குரல் வேறெங்கும் இல்லை.

ஜூன் 13
அவளுக்குக் கொம்பியூட்டர் படிப்பித்த நௌபர் தம்பிக்குப் போன் எடுத்தேன். கடைக்குக் கொண்டுவரச் சொன்னார். மாட்டேன், அது வீட்டை விட்டுப் போகக் கூடாது.
"அப்ப அக்கா, ஸ்கிரீன் மூலையில ரெண்டு எண் தெரியும். மேல சூடு, கீழ காற்றாடி சுத்துற வேகம். எழுதி வையுங்கோ. சூடு எண்பதைத் தாண்டினா நிப்பாட்டுங்கோ."
ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எண் தெரியும்.

ஜூன் 14
தொடங்க 52. ஐந்தாம் நிமிடம் 81. காற்றாடி 2900. "சகோதரரே" என்ற இடத்தில் நிப்பாட்டினேன்.

ஜூன் 15
83. ஆஸ்பத்திரியிலும் நேர்ஸ் இப்படித்தான் எழுதினா. 102. 103. 104. பிறகு எழுதவில்லை.

ஜூன் 17, ஞாயிறு
பூசைக்குப் போகவில்லை. என் புருசன் அல்பிரட் கத்தினார், "உந்தப் பெட்டிக்கு முன்னால இருந்து நீயும் சாகப் போறியோ?" ஓம் என்றேன். மனிசன் வெளியே போய் வலையோடு இருந்துவிட்டார்.

ஜூன் 20
நௌபர் தம்பியே வந்தார். "என்னக்கா, மெஷினுக்கும் குளிருதோ?" என்று சிரித்துக்கொண்டு போர்வையை அவிழ்த்தார். "காற்றாடி பாவம், ஓடி ஓடிச் சூட்டை வெளிய தள்ளுது. போக வழியில்லை."
போர்வையைக் கையில் வாங்கினேன். பிள்ளை காய்ச்சலில் நடுங்கினபோதும் இதைத்தானே போர்த்திவிட்டனான்? ரெண்டு நாள். நான்தானோ — நான்தானோ கொன்றது?
வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போல. தம்பியின் முகம் மாறிவிட்டது. "இல்லையக்கா, அது டெங்கு. போர்வையால ஒருத்தரும் சாகிறேல்லை." மணலைத் துடைத்து, குரலைச் சீடியிலும் பதிந்து தந்துவிட்டுப் போனார்.

ஜூன் 21
அவர் சொன்னதை நம்பலாமோ?

ஜூன் 24, ஞாயிறு
பூசையால் வந்து போட்டேன். அல்பிரட்டும் கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருந்தார். 47. 49. 51. காற்றாடி 1400. முடியும் வரை ஓடியது.
வாசித்து முடித்துவிட்டுக் கேட்கிறாள், "அம்மா, காணுமே?"
குசினிக்குள் இருந்து என் குரல்: "காணும் பிள்ளை, வாசிச்சது போதும். வந்து சாப்பிடு."
கதிரை இழுபடுகிற சத்தம். எழும்பிப் போகிறாள்.
பின்னேரம் போர்வையைத் தோய்த்துப் போட்டேன். சோளகத்துக்குக் கெதியாய்க் காய்ந்துவிட்டது.