பாலத்தடி வளைவில்

கட்டுகஸ்தோட்டை,
ரஜப் மாதம், செவ்வாய்

அல்லாஹ்வின் காவலில் இருக்கும் என் தம்பி ஹபீலுக்கு, உன் கூடப்பிறந்த ராத்தா ஆஸியா உம்மா சலாம் சொல்லி எழுதுவது.

இங்கே நானும் உன் மனைவி றலியாவும் சுகம். நீ சுகமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. சிறைச் சமையலுக்கு அரிசி ஏற்றிவரும் வண்டிக்கார முஹைதீன் கையில் இதைக் கொடுக்கிறேன். தமிழை அறபு எழுத்தில் எழுதியிருப்பதால், காவல்காரர் கண்டாலும் ஓதுகிற ஏடு என்று விட்டுவிடுவார்கள்.

மழை விடவில்லை. ஹந்தானைப் பக்கத்துத் தோட்டங்களில் கோப்பி இலையின் அடியில் மஞ்சள் பொடி பூத்து, மரமெல்லாம் மொட்டையாகிறதாம். உன் கடை பூட்டியபடியே இருக்கிறது. களவுக் கோப்பி வாங்கியவன் கடை என்று வழியில் போகிறவர்கள் பேசுவது வீட்டுக்குள் கேட்கிறது. தெரிந்து வாங்கினாயா, தெரியாமல் வாங்கினாயா என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

போன வாரம் நீ சொல்லியனுப்பியது கிடைத்தது. சிறையில் இருக்கிற இரண்டு வருஷமும் றலியா காத்திருக்க வேண்டாம், தலாக் சொல்லிவிடுகிறேன், அக்குறணைக்கு வாப்பா வீட்டுக்கே போகட்டும் என்றாயாம். வாசலில் நின்று முஹைதீன் சொல்லும்போது அவள் கதவுக்குப் பின்னால் மாவிடித்துக்கொண்டிருந்தாள். உலக்கை நிற்கவேயில்லை. அவன் போன பிறகுதான் என்னிடம் வந்தாள். "அவர் என்ட மொகத்தப் பாத்துச் செல்லட்டும் மதினி. ஆள்கிட்டக் குடுத்தனுப்புற தலாக்க நான் எடுக்க மாட்டன்" என்றாள். அவ்வளவுதான். மறுபடி இடிக்கப் போய்விட்டாள்.

செய்தி அவள் வாப்பா மஹ்மூத் காதுக்கும் எட்டிவிட்டது. மனைவியை இழந்த ஒருவரை அவளுக்கு மாப்பிள்ளையாகப் பேசி வைத்திருக்கிறாராம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் அவளைக் கூட்டிப்போக வண்டியோடு வருகிறார். அவரைக் குறை சொல்ல முடியவில்லை. மகளைப் பெற்றவர்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். கல்லுடைக்க உங்களை வரிசையாக நடத்திக்கொண்டுபோகும்போது, பாலத்தடி வளைவில் நின்று உன்னை இரண்டு தடவை பார்த்தேன். துப்பட்டிக்குள் இருந்தாலும் ராத்தாவை உனக்குத் தெரியாதா? தெரிந்துதான் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். நான் பொறுப்பேன். நீ கட்டிய பெண் பொறுப்பாளா? வெள்ளிக்கிழமை காலை அவளையும் கூட்டிவருவேன். நீ திரும்பிக்கொண்டால் அதையே உன் பதிலாக எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறிவிடுவாள். தம்பி, அந்த ஒரு நாளாவது உன் வெட்கத்தை இறக்கி வை.

உனக்காகத் துஆ கேட்கும்
ராத்தா ஆஸியா

*

கட்டுகஸ்தோட்டை,
சனிக்கிழமை

தம்பி ஹபீலுக்கு, ராத்தாவின் சலாம்.

முஹைதீன் மாட்டைப் பூட்டிக்கொண்டு நிற்கிறான். சுருக்கமாக எழுதுகிறேன்.

நேற்று நீ பார்த்தாய். எல்லாரும் நடக்க, நீ மட்டும் நின்று பார்த்தாய். காவல்காரன் தடியால் அடித்ததையும், நீ முழங்கால் குத்தி விழுந்ததையும் நாங்கள் இருவரும் கண்டோம். றலியா உன்னிடம் ஓடப் பார்த்தாள். நான்தான் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன். அவள் நகம் பட்ட இடம் இன்னும் எரிகிறது. விழுந்தும் நீ கண்ணை எடுக்கவில்லை.

ஜும்ஆவுக்குப் பின் மஹ்மூத் மாமா வந்தார். றலியா அவருக்குத் தண்ணீர் கொடுத்து, கையில் முத்தமிட்டு, "மாட்ட அவுக்க வாணாம் வாப்பா. நான் வரல்ல" என்றாள். கெஞ்சிப் பார்த்தார், ஏசிப் பார்த்தார். கடைசியில், இனி உனக்கு வாப்பா இல்லை என்று சொல்லிவிட்டு அழுதுகொண்டே போனார். வண்டி திரும்பும்வரை அவள் அசையாமல் நின்றாள். அதன் பிறகு ஒரு வாய் சோறும் இறங்கவில்லை. வாப்பாவை நினைத்தா, உன் காயத்தை நினைத்தா, எனக்குத் தெரியவில்லை.

மஞ்சளைக் குழைத்துச் சிரட்டையில் வைத்துக் கட்டித் தந்திருக்கிறாள். முழங்காலில் பூசு. அடுத்த வெள்ளியும் வருவோம், மழை பெய்தாலும் வருவோம்.

அவள் உனக்குச் சொல்லச் சொன்னது இதுதான்: இனி நிற்க வேண்டாம். நடந்துகொண்டே பார்த்தால் போதும்.

உன்னை அல்லாஹ்வின் காவலில் விட்டிருக்கும்
ராத்தா ஆஸியா