ஆற்றுக்கு அந்தப்பக்கம் செல்லாத அட்டை

அக்டோபர் 6, ஞாயிறு

இன்று மேஜையில் இருந்தவர்கள்: ஹேசல் ஆகிய நான். என் பேத்தி கொரீன். என் தம்பி மகன் டெல்பர்ட். ஆற்றுக்கு அந்தப்பக்கம் மேரிலாந்திலிருந்து வந்த என் தங்கை ஒனீடா. மேஜைக்கடியில் நாய். எங்கள் குடும்பத்தில் பின்னால் 'நான் அங்கே இல்லவே இல்லை' என்பார்கள். அதனால் எப்போதும் எழுதி வைப்பேன்.

பன்றித்தொடை, பீன்ஸ், சோளரொட்டி. கொரீனுக்குத் துப்பாக்கி அனுமதி அட்டை வந்துவிட்டது. இங்கே வெஸ்ட் வர்ஜீனியாவில் துப்பாக்கியைக் கைப்பையில் மறைத்து வைத்துக்கொள்ள அட்டையே வேண்டாம். வேறு மாநிலம் போனால் காட்டத்தான் வாங்கினாள். சர்ச் கீழ்க்கூடத்தில் துப்பாக்கி வகுப்பு எடுக்கிறவன் டெல்பர்ட்தான். "டிரைவிங் லைசென்ஸ் மாதிரிதான் கொரீன், எந்த மாநிலத்துக்கு வேணா போ. போலீஸ் நிறுத்துனா ஸ்டியரிங்ல கைய வச்சுக்கிட்டு நீயே முதல்ல சொல்லிடு. அதுதான் மரியாத" என்றான். வாய் நிறைய சோளரொட்டி. ஒனீடா பீன்ஸை இந்தப்பக்கம் தள்ளச் சொன்னாள்.

வரும் சனி ஒனீடாவின் பிறந்தநாள், அக்கரையில் அவள் வீட்டில் விருந்து. கொரீனும் போகிறாள். வேட் எங்கள் வீட்டெதிரே வண்டியை நிறுத்திவிட்டு உட்கார ஆரம்பித்ததிலிருந்து அவள் அந்தப் பை இல்லாமல் எங்கும் போவதில்லை. வேட் அவளை அடித்த புருஷன், அவனை விட்டு வந்துவிட்டாள். ஷெரீஃபிடம் சொன்னோம். "ரோட்டுலதானே நிக்கிறான்" என்றார்.

சாயங்காலம் பொட்டோமாக் ஆற்றின் மேல் மூடுபனி. அக்கரை தெரியவில்லை. கரையே இல்லாத ஆறு மாதிரி.

அக்டோபர் 12, சனி

கொரீனைப் பிடித்துவிட்டார்கள்.

அக்டோபர் 13

ஜாமீனில் வந்தாள். பாலம் இறங்கிக் கொஞ்ச தூரம்தானாம். பின்விளக்கு எரியவில்லை என்று நிறுத்தியிருக்கிறான், சின்ன வயசுப் போலீஸ்காரன். இவள் டெல்பர்ட் சொன்னபடியே கையை ஸ்டியரிங்கில் வைத்து, "சார், பையில துப்பாக்கி இருக்கு, அதுக்கு அட்டையும் இருக்கு" என்று சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். அவன் முகம் வாடிவிட்டதாம். "ஏம்மா சொன்னீங்க? இந்த அட்டை இங்க செல்லாதே."

அவன் கேட்கவே இல்லை! கேட்காததற்குப் பதில் சொல்லிவிட்டுக் கைவிலங்கோடு நின்றிருக்கிறது என் பிள்ளை. மடியில் வைத்திருந்த ஆப்பிள் கேக்கை அவன் சிந்தாமல் எடுத்து வண்டிக்கூரை மேல் வைத்தானாம். இதை எதற்குச் சொன்னாள்? தெரியவில்லை. எனக்குக் கண்ணை மூடினால் அந்தக் கேக்தான் தெரிகிறது.

குற்றம் உறுதியானால் சிறை. நர்ஸ் லைசென்சும் போய்விடும். அந்த வேலைய விட்டா அவளுக்கு என்ன இருக்கு? ஒண்ணுமே இல்ல.

நவம்பர் 2

கனவு. பாலத்தின் நடுவில் சுண்ணாம்பால் ஒரு கோடு. இந்தப்பக்கம் நடந்தால் கொரீன் நர்ஸ் உடுப்பில் இருக்கிறாள். கோட்டைத் தாண்டினால் கைதி உடுப்பு. திரும்பினால் மறுபடி நர்ஸ். கீழே மீன்கள் போய்வருகின்றன. அவற்றை யாரும் நிறுத்தவில்லை.

வக்கீல் சொன்னார், கோடு நடுவில்கூட இல்லையாம். ஆறு முழுவதும் மேரிலாந்துடையது. நம் கரையில் தண்ணீர் தொடும் இடத்திலேயே நம் மாநிலம் முடிந்துவிடுகிறதாம். எழுபத்தெட்டு வயது வரை அடுத்தவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டா உட்கார்ந்திருந்தேன்?

நவம்பர் 28, வியாழன்

நன்றித் திருநாள். அதே நாலு பேர், அதே நாய். ஒனீடா கரண்டியை எடுத்தாள். டெல்பர்ட் ஏதோ பேச, கரண்டி கிண்ணத்துக்கு மேலே அப்படியே நின்றது.

அக்டோபர் ஞாயிறன்றும் இப்படித்தான் நின்றது. 'டிரைவிங் லைசென்ஸ் மாதிரி' என்று அவன் சொன்னபோது. வாயைத் திறந்தாள். அப்புறம்தான் பீன்ஸ் கேட்டாள். இவள் புருஷன் ஆயுசெல்லாம் அந்தப்பக்கத்துச் சிறையில் காவலர்!

"உனக்குத் தெரியும்ல?"

"எது அக்கா?"

"அட்டை செல்லாதுன்னு."

தட்டையே பார்த்தாள். "சொன்னா அவ வரமாட்டாளே. அந்தப் பை இல்லாம படி இறங்கமாட்டா. எழுபத்தஞ்சு வயசு எனக்கு, ஒரு தடவ எல்லாரும் என் வீட்ல சாப்பிடட்டும்னு ஆசப்பட்டேன். இத்துனூண்டு ரோடு, யாரு நிறுத்தப்போறான்னு நெனச்சேன்க்கா…"

கொரீன் எழுந்துபோய் அவளைக் கட்டிக்கொண்டாள். "விடுங்க சின்னப் பாட்டி." நான் எழுந்திருக்கவில்லை.

"அத்தை, வான்கோழி ஆறுது" என்றான் டெல்பர்ட்.

"நீ வாயத் தொறந்தா ஆளு உள்ள போகுது. மூடிக்கிட்டுத் தின்னு."

ஜனவரி 9

வழக்கு முடியும்வரை அவள் துப்பாக்கி தொடக்கூடாது. வேட் காதுக்கும் எட்டிவிட்டது. இப்போது ஹார்ன் அடிக்கிறான்.

பிப்ரவரி 11

வழக்கைக் கிடப்பில் போட்டார்கள். ஒழுங்காக இருந்தால் மறுபடி எடுக்கமாட்டார்களாம். துப்பாக்கி திரும்ப வராது. நர்ஸ் வேலை பிழைத்தது. அழலாம் என்று உட்கார்ந்தேன், தூக்கம் வந்துவிட்டது.

மார்ச் 8

கொரீன் அக்கரைக்குக் குடிபோகிறாள். ஒனீடா வீட்டு மாடியறை. அங்கேயே ஆஸ்பத்திரி வேலை கிடைத்திருக்கிறது. ஊசி போடுகிற லைசென்ஸ் மட்டும் ஆற்றைத் தாண்டிச் செல்லுமாம். "பாட்டி, நீயும் வாயேன்" என்றாள். நாயைச் சாக்குச் சொன்னேன்.

ஏப்ரல் 12, சனி

விடிந்தும் மூடுபனி. பாலத்தின் இந்த முனையில் வேட் வண்டியோடு நிற்கிறான். இருக்கைக்கடியில் துப்பாக்கி இல்லாமல் அவன் தபால்பெட்டி வரைகூடப் போனதில்லை. துப்பாக்கியை விட்டுவிட்டுப் போக அவனுக்குத் துணிச்சல் கிடையாது. கொண்டுபோனால் என்ன ஆகும் என்பது கொரீனால் ஊருக்கே தெரியும். இஞ்சின் கொஞ்ச நேரம் ஓடியது. பனிக்குள் சிவப்பாக இரண்டு விளக்கு. பிறகு வண்டி பாலம் ஏறாமலே திரும்பி வந்தது.

பனி விலகியதும் அக்கரையில் மாடி ஜன்னல் தெரிந்தது. போன் செய்தேன். "நல்லா தூங்குறேன் பாட்டி" என்றாள். பின்னால் ஒரு குரல்: "கொரீன், வாடி, சாப்பாடு ஆறுது."

அந்தப் போலீஸ்காரப் பையனை மன்னித்துவிட்டேன், கேக்கைச் சிந்தாமல் வைத்ததற்காக. டெல்பர்ட் முட்டாள், முட்டாளுக்கு மன்னிப்பு தேவையில்லை. வேட் விஷயத்தைக் கர்த்தர் பார்த்துக்கொள்ளட்டும்.

தெரிந்தும் பீன்ஸ் கேட்டவள் ஒருத்தி இருக்கிறாள். என் பிள்ளை இப்போது அவள் மேஜையில்தான் சாப்பிடுகிறது, அவள் கூரைக்கடியில்தான் பயமில்லாமல் தூங்குகிறது. எல்லாம் தெரியும். இருந்தாலும் மன்னிக்கமாட்டேன்.

ஒனீடா.