கொக்கியை விட்டு அளந்த பலகை

தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்துவிட்டேன், சோப்பும் போட்டுவிட்டேன். விரலில் ஒட்டிய பசை உரிந்துவிட்டது, வாசனை மட்டும் போகவில்லை. போர்வைக்குள் கையை மூக்கருகே கொண்டுபோனால் உன் வீட்டு முன்னறை அப்படியே வந்து நிற்கிறது. தரையில் நீ குப்புறப் படுத்திருக்கிறாய், உன் பின்னல் தண்டவாளத்தின் குறுக்கே விழுந்து கிடக்கிறது.

போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். எங்கள் அம்மா கைக்கெட்டும் தூரத்தில் படுத்திருக்கிறாள். உன்னைப் பற்றிய பேச்சே கூடாது என்று சொல்லியிருக்கிறாள். "பப்ளிக் எக்ஸாம் வருது. அழுதுகினே இருந்தா போன பொண்ணு திரும்பி வந்துருமா?" நான் சாப்பிடாததைப் பார்த்துப் பயந்து சொன்னது அது, கோபமில்லை. இருந்தாலும் இந்த நோட்டு அவள் கண்ணில் படக் கூடாது.

நாளை காலை உன் அம்மாவிடம் போய் ஒன்றைச் சொல்ல வேண்டும். முதலில் உன்னிடம் சொல்லிவிடுகிறேன்.

அந்த ரயிலை உன் அப்பா பல்லாவரம் சந்தையில் வாங்கி வந்தார். ஓர் எஞ்சின், ஐந்து வேகன், வட்டமாக மாட்டுகிற தண்டவாளம், பாதை பிரிகிற இடத்துக்கு இரண்டு பாயிண்ட். பதினொன்றாம் வகுப்புப் பெண்ணுக்குப் பொம்மை ரயிலா என்று நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. வட்டத்தை மாட்டவும் இல்லை.

"சுத்திக்கினே இருக்க இது இன்னா ராட்டினமா? வண்டின்னா வேலை செய்யணும்டி."

வேலை என்றால் என்ன என்று எனக்குக் காட்டத்தான் பள்ளி விட்டதும் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் என்னை நிறுத்தி வைப்பாய். கீழே ஒரு கூட்ஸ் எஞ்சின் நான்கு வேகனை இழுக்கும், நிற்கும், பின்னால் தள்ளும், ஒன்றைக் கழற்றி விட்டுவிட்டு மறுபடி வரும். வழி தெரியாமல் திண்டாடுகிறது என்றுதான் நான் நினைத்தேன். நீ கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு எண்ணுவாய். "அதுக்கு வேண்டியது ரெண்டாவது வண்டி. அத்த எடுக்கணும்னா முன்னாடி கீறத வேற லைன்ல உட்டுட்டு வரணும். பாரு, இப்ப உடும் பாரு." எஞ்சின் நீ சொன்னபடியே செய்யும். டிரைவருக்கு நீதான் சொல்லிக்கொடுத்ததுபோல என்னைத் திரும்பிப் பார்ப்பாய்.

கணக்கு ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நம் கற்பனைத் தொழிற்சாலையை வரைந்தாய். ஒரு லைனில் ஸ்கிராப் இறங்கும். இன்னொன்றில் கம்பி ஏறும். மூன்றாவதில் காலி வண்டிகள் நிற்கும். மூன்றும் சேருகிற இடத்துக்கு அப்பால் ஒரு தனித் துண்டு. அதற்கு நீ 'கழுத்து' என்று பெயர் வைத்தாய். எஞ்சின் வண்டிகளை இழுத்துக்கொண்டு முழுதாக அந்தக் கழுத்துக்குள் போய் நின்றால்தான் பாயிண்டைத் திருப்பி வேறு லைனுக்குத் தள்ள முடியும். எஞ்சினும் இரண்டு வண்டியும் அதில் நிற்க வேண்டும், கொஞ்சம் குறைந்தாலும் ஆட்டமே இல்லை என்றாய்.

பலகை கிடைக்கும் வரை தரையில் சாக்பீஸ் கோடும் தீப்பெட்டி வண்டியும்தான். ஐந்து வண்டிக்கும் எண் போட்டுச் சீட்டு மடிப்பாய். குலுக்கி எடுக்கும் முதல் மூன்று எண்ணும் அதே வரிசையில் ரயிலாகி வெளியே போக வேண்டும். நான் அவசரமாக எல்லா லைனையும் அடைத்துவிட்டு முழிப்பேன். "ஒண்ணு காலியா உடுடி" என்று கத்துவாய். உன் அம்மா கேன்டீன் வேலை முடிந்து வந்து துடைப்பத்தோடு நிற்பார்.

"எந்திரிங்கடி, பெருக்கணும்."

"கூட்ஸ் வருதும்மா. கேட் போட்டாச்சு. நில்லு."

"உன் கேட்ல தீய வெக்க" என்று திட்டிக்கொண்டே அவர் கோட்டை மிதிக்காமல் தாண்டிப் போவார்.

காக்களூரில் மரப்பெட்டி செய்யும் கம்பெனியில் இருக்கும் என் மாமாதான் பலகை கொடுத்தார். அளவு எடுக்கும் வேலையை என்னிடம் விட்டாய். "எனக்குப் பொறுமை இல்ல. நீ அளந்தா சரியா இருக்கும்." யாரும் என்னிடம் அப்படி எதையும் விட்டதில்லை. ஸ்கேலை வேகனின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை வைத்து அளந்தேன். மூன்று முறை அளந்தேன். வண்டியோடு வண்டியை மாட்ட முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருந்த கொக்கிகளை மட்டும் சேர்க்கவே இல்லை. துண்டுச் சீட்டில் நான் எழுதிக் கொடுத்த அளவுக்கே பக்கத்துத் தெரு ஆசாரி அறுத்துக் கொடுத்தார். தண்டவாளத்தையும் நானே ஒட்டினேன்.

முதல் ஓட்டத்தில் எஞ்சின் இரண்டு வண்டியை இழுத்துக்கொண்டு பலகையின் விளிம்புவரை போய் நின்றது. நீ பாயிண்டைத் திருப்பினாய். அது திரும்பவில்லை. கன்னத்தைப் பலகையில் வைத்து ஒற்றைக் கண்ணால் பார்த்தாய்.

"கடைசிச் சக்கரம் பாயிண்ட் மேல குந்திக்கினு கீது. அளந்தியாடி?"

கொக்கி அப்போதுதான் என் கண்ணில் பட்டது. "அளந்தேன். ஆசாரிதான் குறைச்சு அறுத்துட்டாரு" என்றேன்.

நீ உடனே நம்பினாய். "அப்ப நாளைக்கு அந்த ஆளாண்ட போலாம் வா. சும்மா உடக் கூடாது." அவர் அந்தத் துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினால் என்ன ஆகும்? நானே மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று பலகை, எஞ்சின், வண்டி எல்லாவற்றையும் கோணிப்பையில் போட்டேன். தெருமுனைவரை ஒரு பக்கத்தை நீ பிடித்துக்கொண்டு வந்தாய். "பாத்துடி, பாயிண்ட் உடைஞ்சா வேற கிடைக்காது" என்றாய்.

மறுநாள் நீ பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். பிறகு சென்னைக்குக் கொண்டுபோனார்கள். ஆறாம் நாள் ஆம்புலன்ஸ் வண்டியில் உன்னைக் கொண்டுவந்தார்கள்.

காரியத்தன்று கூட்டத்துக்கு நடுவில் உன் அம்மா என் கையைப் பிடித்துக் கேட்டார்: "அந்த ரயிலு பலகை எங்கம்மா? ஊட்ல காணோம்." என்னிடம் இருக்கிறது என்றால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் ஆசாரி பொய் வெளியே வரும். செத்துப்போன பெண்ணின் பொருளைத் தூக்கிக்கொண்டு போனவள் என்று சுற்றி நின்றவர்கள் சொல்வார்கள். "தெரியல ஆன்ட்டி" என்றேன். பலகை எங்கள் கட்டிலுக்கு அடியில் இருந்தது. ஸ்கூல் பிராஜெக்ட் என்று எங்கள் அம்மாவிடம் சொல்லியிருந்தேன்.

அதோடு போயிருந்தால் இன்னும் பேசாமலேதான் இருந்திருப்பேன். போன வாரம் ரேஷன் கடை வரிசையில் உன் அம்மா எங்கள் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "காரியத்துக்கு ஊட்ட ஒழிச்சப்ப பழைய பேப்பர்காரன்ட்ட எல்லாத்தையும் தூக்கிப் போட்டேன் இல்ல, அதுல போயிருக்கும். என் புள்ள ஆசையா வெச்சிருந்தத என் கையாலயே போட்டுட்டேன்கா." நான் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன்.

இந்த வாரம் முழுக்க ஒட்டினேன். கொக்கியோடு சேர்த்து அளந்து, விளிம்பில் ஒரு துண்டுப் பலகையைக் கீல் வைத்து மாட்டினேன். வேண்டும்போது விரித்துக்கொள்ளலாம். இப்போது கழுத்தில் எஞ்சினும் இரண்டு வண்டியும் நிற்கின்றன. பாயிண்ட் தடையில்லாமல் திரும்புகிறது. இதை நீ பார்க்கவில்லை.

அம்மா புரண்டு படுக்கிறாள். நிறுத்துகிறேன்.

*

மறுநாள் இரவு. போய்விட்டு வந்தேன்.

உன் அப்பா ஷிஃப்டுக்குப் போயிருந்தார். கதவைத் திறந்த உன் அம்மா முதலில் பார்த்தது என்னை இல்லை, கோணிப்பையைத்தான். வழியெல்லாம் நான் ஒன்றைத்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். வகுப்பில் நீ தப்பு செய்தால் எழுந்து நின்று, சாப்பாட்டில் உப்பு கேட்பதுபோல, "என் தப்புதான் மிஸ்" என்பாய். திட்ட வந்த மிஸ் அப்படியே பாடத்துக்குத் திரும்பிவிடுவார். அப்படிச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். "என் தப்புதான் ஆன்ட்டி" என்பதுவரை சரியாக வந்தது. பிறகு குரல் உடைந்துவிட்டது. கொக்கி, ஆசாரி, கோணிப்பை, காரியத்தன்று சொன்ன 'தெரியல' எல்லாவற்றையும் நிலைவாசலில் நின்றே கொட்டிவிட்டேன்.

அவர் கோணிப்பையின் வாயைப் பிரித்து உள்ளே பார்த்தார்.

"பழைய சாமான் கடையில ரெண்டு நாளு மூட்டை மூட்டையா கொட்டித் தேடினேன்டி. பைத்தியம்னு அந்த ஆளு நெனச்சிருப்பான்." அப்புறம், "உன்ன ஓங்கி ஒண்ணு வெக்கணும் போல கீது" என்றார்.

"வைங்க ஆன்ட்டி."

அவர் கை எழவில்லை. முகத்தைத் திருப்பி முந்தானையால் துடைத்துக்கொண்டார். "உள்ள வா. அதுல அவ இன்னாதான் பண்ணுவா, காட்டு."

பலகையைத் தரையில் வைத்தேன். நோட்டிலிருந்து தாள் கிழித்துச் சீட்டு மடித்தேன். உன் அம்மா மூன்று எடுத்தார். நான்கு, ஒன்று, ஐந்து. ஹேர்பின்னால் கொக்கியைத் தூக்கித் தூக்கி நான் வண்டிகளைப் பிரித்தேன். பாதியில் வழக்கம்போல மாட்டிக்கொண்டேன்.

"அத்த ஏன் மூணாவது லைன்ல உட்ற? அப்புறம் எங்க எடம்? ஒண்ணு காலியா உடு, ஒண்ணு காலியா உடுன்னு தொண்டை கிழியக் கத்துவாளே, காதுல வாங்கலியா நீ?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். உன் அம்மா என்னைப் பார்க்கவில்லை. பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொன்னபடி வண்டியை இரண்டாவது லைனுக்கு மாற்றினேன். நான்கு நகர்த்தலில் முடிந்தது.

உனக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் இந்த நோட்டையே எடுத்தேன். நேற்று முழுக்க என் பயத்தையே எழுதியிருக்கிறேன். அளவெடுக்கும் வேலையை நம்பி என்னிடம் விட்டாயே, அதற்கு நன்றி. நான் சொன்ன பொய்யையும் நம்பினாய். அதை நினைத்தால் இன்னும் வலிக்கிறது. ஆனால் அப்படி நம்புகிற ஒருத்தி எனக்கு இருந்தாள். மேம்பாலத்தில் எத்தனையோ பேர் கீழே பார்க்காமல் நடந்து போவார்கள். அங்கே பார்க்க ஒன்று இருக்கிறது என்று எனக்குக் காட்டியவள் நீ.

பலகை உன் வீட்டில்தான் இருக்கிறது. எங்கள் அம்மாவிடம் தானே பேசிக்கொள்வதாக ஆன்ட்டி சொன்னார். எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது.

கிளம்பும்போது சீட்டுகளை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டே கேட்டார்.

"இந்த மாதிரி எத்தினி வரிசை வரும்?"

"அஞ்சுல மூணு எடுத்தா அறுபது ஆன்ட்டி."

"வாரத்துக்கு ஒண்ணு போட்டாக்கூட ஒரு வருசத்துக்கு மேல ஆவும்."

"ஆவும் ஆன்ட்டி."

"சரி, ஞாயித்துக்கிழமை வந்துரு. சாப்டாம வா."

ஒன்று முடிந்திருக்கிறது. இன்னும் ஐம்பத்தொன்பது.