பின்னால் நின்ற ஸ்டெல்லா

ஞாயிறு, இரவு.

உபவாச ஜெபத்தில் பாஸ்டர் தலையில் கைவைத்ததும் எல்லோரும் விழுந்தார்கள். நான் விழவில்லை.

"உங்களுக்குள்ள பிடிவாத ஆவி இருக்கும்மா."

ஞானஸ்நானம் வாங்கியவளுக்குள் பேய் எப்படி வரும்? பயந்தாலும் சொல்லிவிட்டேன்.

"ஆவி இல்ல பாஸ்டர். வுழறவங்கள புடிக்க ஸ்டெல்லா பின்னால நின்னுகினு கீறா. அவ கையில வுழ மாட்டேன்."

ஸ்டெல்லா என் ஓரகத்தி. என் மகள் கல்யாணத்து மீன் குழம்பைக் கலீஜ் என்றவள்.

"வுழுக்கா, கீழ வுட மாட்டேன்" என்றாள். சிரிப்பு வந்து கால் தளர்ந்தது. விழுந்தேன், பிடித்துக்கொண்டாள்.

"ஓடிப்போச்சு!" என்று கத்தினார் பாஸ்டர்.

பேய் ஓடியிருந்தால் அந்தக் குழம்புப் பேச்சும் மறந்திருக்கும். மறக்கவில்லை. ஆகவே எனக்குள் பேயே இருந்ததில்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நிம்மதியாகப் படுக்கிறேன்.

குழம்பு நன்றாகத்தான் இருந்தது.