முன் இருக்கையில் நாய்கள், மூட்டைமேல் பிள்ளைகள்

என் செல்லாயிக்கு, கண்டியிலிருந்து உன் லொறிக்காரன் எழுதுவது.

உனக்கு வாசிக்கத் தெரியாது. நான் ஐந்தாம் வகுப்பில் பாதியோடு நின்றவன். கலியாணம் முடித்து இத்தனை வருஷத்தில் உனக்கு ஒரு கடுதாசி எழுதியதில்லை. ஒரே அறையில் இருந்துகொண்டு என்னத்தை எழுதுவது? இப்போது, தபால்காரன் போகமுடியாத இடத்துக்கு நீ போனபிறகு, காகிதமும் மைக்கூடும் வாங்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என் புத்தி உனக்குத் தெரிந்ததுதானே. பஸ் போனபிறகுதான் கையைக் காட்டும்.

வசதியுள்ளவர்கள் ஆண்டுத் திதிக்கு, செத்தவர் பேரில் பாடுகிற சரமகவி அச்சடித்துக் கொடுக்கிறார்கள். நானும் ஆசைப்பட்டு இரண்டு வரி பாட்டுக் கட்டி அச்சுக்கூடத்துக்காரரிடம் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார். "ஐயா, இதைப் பாட்டென்று சொன்னால் உம்ம வீட்டம்மாவே எழும்பி வந்து கேட்பா. பேசுகிற மாதிரியே எழுதிக் கொண்டுவாரும்" என்றார். அதனால்தான் இந்தக் கடுதாசி. ஊரார் நாலு பேர் பார்ப்பார்கள். நீ வெட்கப்படாதே.

காய்ச்சலில் விழுந்த நாலாம் நாளே நீ போய்விட்டாய். கடைசியில் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய், பிள்ளைகளைப் பார்த்தாய், தண்ணீர் கேட்டாய். அவ்வளவுதான். இந்த எட்டு வயதுப் பொன்னியையும் நாலு வயதுச் சின்னுவையும் என்ன செய்யவேண்டும் என்று ஒரு சொல் சொல்லவில்லை. அடுப்பில் பால் வைத்தால்கூட, 'பொங்குதா பாருங்க' என்று பத்துத் தடவை சொல்லுகிறவள் நீ. இதை மட்டும் ஏன் என் புத்திக்கு விட்டுவிட்டுப் போனாய்?

என் புத்திக்கு எட்டியதைச் செய்தேன். பிள்ளைகளை அறையில் விட்டால் பார்க்க ஆளில்லை. அதனால் லொறியில் ஏற்றினேன். நாய்கள் இரண்டையும் பூட்டிவைத்தால் தெருவே கூடும்படி ஊளையிட்டன. அவற்றையும் ஏற்றினேன். வெள்ளையன் ஒழுங்காக ஏறினான். நீ 'கங்காணி' என்று பேர் வைத்தாயே, வருகிறவன் போகிறவனையெல்லாம் அதட்டிவிட்டுத் தான் ஒரு வேலையும் செய்யாதது, அதைத் தூக்கித்தான் போடவேண்டியிருந்தது.

பிலிமத்தலாவைக் கடையில் அரிசி ஏற்றப் போனால் முதலாளி வெளியே வந்து நின்று பார்த்தார்.

"என்ன தம்பி, அரிசி ஏத்தச் சொன்னா சர்க்கஸே கொண்டு வந்திரிக்கிறாய்?"

"வீட்டுல யாருமில்ல மொதலாளி."

அவர் பிள்ளைகளை ஏறிட்டுப் பார்த்தார். உன் சாவுக்கு வந்தவர்தானே. பிறகு சொன்னார்: "புள்ளைகள் மூட்டைக்கு மேல ஏறட்டும், பாதகமில்ல. ஆனா நாய் வாய் வெச்ச சாக்க நான் கடைகளுக்குக் குடுக்கேலாது. அதுகள முன்னுக்கு வெச்சுக்கோ."

அன்று தொடங்கிய ஏற்பாடு இது. நாய்கள் இரண்டும் என் பக்கத்தில், முன் இருக்கையில், துரைமார் மாதிரி. பெற்ற பிள்ளைகள் பின்னால், திறந்த பெட்டியில், அரிசி மூட்டைமேல், தலைக்கு ஒரு சாக்கு. கண்டி வாவிக்கரையில் போகும்போது சனம் நின்று சிரிக்கும். ஒரு கிழவர், "தம்பி, எதை வளக்கிறே, எதை விக்கக் கொண்டு போறே?" என்று சத்தம்போட்டுக் கேட்டார். நானும் சிரித்தேன். மழை வந்தால் தார்ப்பாய்ப் படங்கை இழுத்து மூடுவேன். உள்ளே இருந்து பொன்னி பாடுவாள். பாட்டு நின்றால் நான் லொறியை நிறுத்திவிட்டு இறங்கிப் போய்ப் பார்ப்பேன். மூச்சு விடுகிறார்களா என்று பார்க்கிற புத்தி, நீ போனபிறகு வந்தது.

மூன்று மாதம் இப்படி ஓடினோம். அப்போதுதான் ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்திலிருந்து உன் அக்கா ஆள் அனுப்பினாள்: "புள்ளைகளக் கொண்டாந்து எங்கிட்ட விடச் சொல்லுங்க. ஆம்பள தனியா என்ன செய்வாரு." நியாயமான பேச்சு. எனக்கு மனசில்லை. ஆனாலும் அந்தப் பக்கம் அரிசி கொண்டுபோகிற சனிக்கிழமையாகப் பார்த்து, உன் தகரப்பெட்டியில் பிள்ளைகளின் துணிகளை மடித்துவைத்துப் புறப்பட்டேன்.

தெல்தெனியா தாண்டினால் ஏற்றம். நம் லொறியின் குணம்தான் உனக்குத் தெரியுமே. பெற்றோல் தாங்கி என் இருக்கைக்கு அடியில். வண்டி மூக்கைத் தூக்கினால் எண்ணெய் என்ஜினுக்கு ஓடாது, அப்படியே நின்றுவிடும். கடுமையான ஏற்றத்தில் லொறியைத் திருப்பிப் பின்பக்கமாகத்தான் ஏற்றவேண்டும். அப்போது பின்னால் இருக்கிற பிள்ளைகள் முன்னால் போவார்கள். நான் கழுத்தைத் திருப்பி மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு, நாய்களோடு பின்னால் வருவேன். பொன்னிதான் வழி சொல்லுவாள்.

"சோத்தாங்கைப் பக்கம் ஒடிங்கப்பா! இன்னுங் கொஞ்சம்! போதும் போதும், தண்ணிக் கான் இருக்கு!"

சின்னு கைதட்டுவான். அன்றைக்கும் அப்படித்தான் ஏறினோம். கொண்டுபோய் விடத்தான் போகிறேன், ஆனால் லொறியின் முகம் கண்டிப் பக்கம் பார்த்தபடியே இருந்தது. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்து வாசலில் ஒருவன், "அண்ணே, வாறீங்களா போறீங்களா?" என்றான். எனக்கே தெரியவில்லை.

உன் அக்கா கொழுந்து நிறுத்துவிட்டு மலையிலிருந்து இறங்கி வந்தாள். பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு உன் பேரைச் சொல்லி அழுதாள். அவள் புருஷன், சில்லறைக் கங்காணி, வெற்றிலைத் தட்டோடு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்துச் சின்னு, லொறியில் குரைத்த நாயின் பக்கம் திரும்பி, "டேய் கங்காணி, வாய மூடுடா!" என்று கத்தினான். சகலை, "யாரு, என்னையா?" என்றார். லயமே சிரித்தது. உன்னால் வந்த மானக்கேடு.

நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் நமக்கு நன்மை செய்ய வந்தால், நம் கஷ்டத்தை ஒரு படி கூட்டிச் சொல்லவேண்டும். அதுதான் மரியாதை. அதுவும் பெண்வீட்டார் கேட்டால் 'மாட்டேன்' என்று சொல்ல வாய் வராது. உன் அக்கா, "எனக்கு இருக்கிற நாலோட இதுக ரெண்டும் சேந்தா ஆறு, இது ஒரு பாரமா தம்பி?" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ரெண்டும் எனக்குக் காலுக்கு வெலங்கு மதினி. நீங்கதான் என்னையக் காப்பாத்தணும்" என்றேன். பொன்னி அடுப்படியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அப்போது அக்கா நாய்களைப் பார்த்தாள். "ஐயோ தம்பி, இதுகள இங்க விட்டுறாதீங்க. லயத்துல நாய் வளக்கக்கூடாதுன்னு தொரையோட ஓடர். கண்டா சுட்டுப்புடுவாங்க."

எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். சொல்ல வெட்கம்தான், ஆனால் உனக்கு ஒளிப்பானேன்? நாய் இல்லாமல் இவர்கள் இருக்கமாட்டார்கள், இப்போது பிள்ளைகள் இரண்டும் என் காலைக் கட்டிக்கொண்டு அழும், 'பாருங்க மதினி, நான் என்ன செய்யிறது' என்று ஏற்றிக்கொண்டு ஓடிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். பிள்ளைகளைக் கூப்பிட்டு, "நாய்கள இங்க விட முடியாதாம்" என்றேன். சொல்லிவிட்டு அழுகைக்காகக் காத்துநின்றேன்.

சின்னு பொன்னியைப் பார்த்தான். பொன்னி என்னைப் பார்த்தாள். பிறகு வெள்ளையனின் காதைத் தடவிக்கொண்டு சொன்னாள்: "நீங்க கூட்டிட்டுப் போங்கப்பா. ஒங்களுக்குத் தொணைக்கு வேணுமில்ல."

கூட்டிக்கொண்டு போனேன். இறக்கத்தில் லொறி தானாகப் போகும். கண் தெரியாவிட்டாலும் போகும்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை உனக்கு எப்படிச் சொல்ல? தேத்தண்ணிக் கடையில் பழக்கத்தில் பிள்ளைகளுக்கென்று இரண்டு பணிஸ் ரொட்டி வாங்குவேன். வாங்கியபிறகு கையில் வைத்துக்கொண்டு நிற்பேன், பிறகு நாய்களுக்குப் பிய்த்துப் போடுவேன். மழை வந்தால் மறந்துபோய் இறங்கி ஓடிப் படங்கை இழுத்து மூடுவேன், உள்ளே மூட்டைகள்தான். புசல்லாவைப் பக்கம் ஓர் ஏற்றத்தில் பின்பக்கமாக ஏறும்போது 'சோத்தாங்கை' என்று சொல்ல ஆளில்லாமல் சக்கரத்தைக் கானுக்குள் இறக்கிவிட்டேன். தூக்கிவிட ஆறு பேர் வந்தார்கள். ஆறு பேரிடமும் வலிய வலியப் பேசினேன். அவர்கள் போனபிறகுதான் தெரிந்தது, அந்த வாரம் முழுவதும் மனுஷரோடு நான் பேசிய பேச்சு அதுதான் என்று.

ஆறு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. போனால் அழுவேன் என்று பயம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளியிடம் கேட்டு வெறும் லொறியை எடுத்துக்கொண்டு போனேன். கீழ் றோட்டில் நிறுத்தி, நாய்களை உள்ளே கட்டிவிட்டு நடந்து ஏறினேன். உன் அக்கா பிள்ளைகள் என்னைக் கண்டதும், "சித்தப்பா வந்துட்டாரு!" என்று ஓடிவந்தார்கள். அவர்களோடு நம் சின்னுவும் ஓடிவந்தான். அவனும், "சித்தப்பா! சித்தப்பா!" என்றுதான் கத்தினான்.

எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அக்கா அவன் முதுகில் ஒன்று வைத்து, "அடேய், ஒங்கப்பாடா அது!" என்றாள்.

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "அப்பா லொறிலல்ல இருப்பாரு?"

நானும் சிரித்தேன். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே றோட்டுக்கு இறங்கிவந்து லொறியின் மிதிபலகையில் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் பொன்னி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இங்க நல்லாருக்கா?" என்றேன்.

"நல்லாருக்கு."

"பெரியம்மா அடிக்கிறாங்களா?"

"இல்லியே."

"சோறு?"

"நல்லாருக்குப்பா."

ஒரு குறை கிடைக்காதா என்று தேடினேன் செல்லாயி. கிடைக்கவில்லை. கடைசியில் வாய் தவறி உண்மை வந்துவிட்டது. "அன்னிக்கு நீங்க அழுவீங்கன்னு பாத்தேன். நாயில்லாம இருக்க மாட்டோம்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்கதான் எங்கள வெலங்குன்னு சொன்னீங்களே. காப்பாத்தச் சொன்னீங்களே பெரியம்மாவ. அழுதா ஒங்களுக்கு இன்னுங் கஷ்டமில்ல?"

"அது மரியாதைக்குச் சொன்னதும்மா."

"எனக்கு எப்புடித் தெரியும்? வாங்கன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லலியேப்பா."

நான் மரியாதைக்குச் சொன்னதை ஆறு வாரம் உன் மகள் சுமந்திருக்கிறாள். எனக்குப் பாரமாக இருக்கக்கூடாதென்று, நன்றாக இருக்கிறது நன்றாக இருக்கிறது என்று சொல்லப் பழகியிருக்கிறாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "வாங்க" என்றேன். "ரெண்டு பேரும் வாங்க. நீங்க இல்லாம எனக்கு முடியல."

அவள் என்னைக் கட்டிக்கொள்ளவெல்லாம் இல்லை. எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு, "சின்னுகிட்டயும் கேளுங்க. அவன் பெரிய மனுசன்" என்றாள். பெரிய மனுஷன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "முன்னால ஒக்காரலாமா?" ஞாயிற்றுக்கிழமை, மூட்டை இல்லை. நாய்களைப் பின்னால் ஏற்றினேன்.

அக்காவிடம் சொல்ல மறுபடி லயத்துக்கு ஏறினேன். பழக்கத்தில் ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, "எனக்குப் புள்ளைக வேணும் மதினி" என்றேன். அவள் கோபிக்கவில்லை. தகரப்பெட்டியில் துணிகளை மடித்துவைத்தாள்.

"கூட்டிட்டுப் போங்க தம்பி. அப்பன் கேட்டா நான் யாரு மறிக்க? ஆனா பொன்னி தண்ணிக்குப் பீலிக்கு நடந்து போறப்ப நான் பின்னால நின்னு பாப்பேன். அச்சு அசலா எந்தங்கச்சி நட. அதுக்குத்தான் புள்ளைகளக் கேட்டேன்னு வச்சுக்கங்களேன். இனி நான் யாரப் பாக்கிறது?"

அதுவரைக்கும் நீ எனக்கு மட்டும்தான் செத்தாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது பொன்னி முதலாளி கடைக்குப் பின்னால் இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். விட்டதும் முதலாளி வீட்டில் இருப்பாள், நான் வந்து ஏற்றிக்கொள்வேன். சின்னு என்னோடு லொறியில். பின்னால் பழையபடி சத்தம் இருக்கிறது. ஆனாலும் காலையில் அறையிலிருந்து புறப்படுகிறபோது பின் கதவைப் போட்டுவிட்டு எல்லாரும் ஏறியாயிற்றா என்று எண்ணிப் பார்க்கிறேன். பிள்ளைகள் இரண்டு, நாய்கள் இரண்டு. கணக்குச் சரி. இருந்தும் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் நிற்கிறேன். யாரைப் பார்த்து நிற்கிறேன் என்று பொன்னி கேட்பதில்லை. கேட்டால் இனி மறைக்கமாட்டேன்.

உன்னிடமும் நான் வாயைத் திறந்து ஒன்றும் சொன்னதில்லை. உனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். தெரிந்திருந்ததா?

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இரண்டு ஞாயிற்றுக்கு ஒரு தடவை, மழையானாலும் வெயிலானாலும், பிள்ளைகளை ஹுன்னஸ்கிரியவுக்கு ஏற்றிக்கொண்டு போவேன். பொன்னியின் கையில் வாளியைக் கொடுத்துப் பீலிக்கு அனுப்பிவிட்டு, உன் அக்காவோடு நானும் வாசலில் நிற்பேன். அவள் போய்த் திரும்பி வருகிறவரைக்கும் இரண்டு பேரும் அந்த நடையைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

இப்படிக்கு,
பொன்னிக்கும் சின்னுவுக்கும் அப்பன்,
உன் வீட்டுக்காரன்.