அளந்தவர் பெயர்

14-11-2007, புதன்

என் நில அளவை அலுவலகத்துக் கோப்புகள் எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றி முடித்துவிட்டார்கள். காசில்லாமல் கிடைக்கும் மென்பொருளாம். "ஒளிவுமறைவே இல்லப்பா, யார் வேணா திறந்து பாக்கலாம், திருத்தலாம்" என்று மகன் சேகர் சொன்னதால்தான் சம்மதித்தேன்.

இன்று அடி அண்ணாமலை வயல் ஒன்றின் வரைபடத்தைத் திறந்தேன். அளந்தவர் என்ற இடத்தில் என் பெயர் மட்டும் இருந்தது. அன்று அளவுச் சங்கிலியின் மறுமுனையைப் பிடித்தவன் என் தம்பி ஏழுமலை. காகிதத்தில் அவன் பெயரும் இருந்தது. இப்போது அவனும் இல்லை, காகிதத்தையும் எடைக்குப் போட்டுவிட்டார்கள். பெயரைச் சேர்க்கப் பார்த்தேன். அனுமதி இல்லை என்று வந்தது.

"போன வாரம் ரெண்டு ஃபைல அழிச்சிட்டீங்க. அதான் உங்களுக்குப் பாக்க மட்டும் வெச்சிருக்கேன்" என்றான் சேகர்.

"யார் வேணா திருத்தலாம்னியே?"

"அது சாஃப்ட்வேரத்தான்பா, நம்ம ஃபைல இல்ல. என்ன மாத்தணும்னு சொல்லுங்க, நான் மாத்தறேன்."

நான் தொடங்கிய அலுவலகத்தில் நான் போய்க் கேட்பதா? ஒன்றும் இல்லை என்று எழுந்து வந்துவிட்டேன்.

சொல்லியிருந்தால் ஏழுமலை பெயர் இந்நேரம் ஏறியிருக்கும்.