கிணற்று ராணியின் குரல்

மார்ச் 4, திங்கள்

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம்தானே? அண்ணியையும் பிள்ளைகளையும் அப்பாவையும் நான் விசாரித்ததாகச் சொல். போனில் பேசினால் ஐந்தாவது நிமிடம் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது என்றுதான் கடிதம் எழுதிக்கொள்வதென்று ஏற்பாடு செய்தோம். அதைச் சாக்காக வைத்து மூன்று மாதமாக ஒரு வரிகூட எழுதாத ஆள் நீ. லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவனுக்குக் கையெல்லாம் கிரீஸ் என்று சொல்லாதே. ஊரில் சோப்பு விற்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் ஸ்டூடியோவில் டப்பிங் இயக்குநர் என்னைக் கூப்பிட்டு ஒரு பழைய படத்தின் பெயரைச் சொன்னார். எனக்குக் காது அடைத்துவிட்டது. நாம் சின்ன வயதில் பார்த்தோமே, கிணற்றுக்குள் ஒரு ராணி, குழந்தைகளை அவரவர் அம்மா குரலில் கூப்பிட்டு, அவர்கள் நிழலைப் பறித்து, துணி மாதிரி மடித்து அலமாரியில் அடுக்குவாளே, அதேதான். பழைய தமிழ் ஒலி கெட்டுப்போய்விட்டதாம். புதிதாகப் பேசி மறுபடியும் தியேட்டரில் போடப் போகிறார்கள். ராணிக்குக் குரல் தேடுகிறார்கள். என்னை டெஸ்டுக்கு வரச் சொன்னார்.

பதினாறு வருடமாக நான் பேசியதெல்லாம் என்ன? சந்தைக் கூட்டம், பக்கத்து வீட்டு அம்மா, தொட்டில் குழந்தையின் அழுகை. பெரிய வேடம் மூன்று முறை வந்தது. மூன்று முறையும் "எனக்கு வராது சார், வேற யாரையாவது பாருங்க" என்று நானேதான் சொன்னேன். நம் வீட்டில் எனக்குப் பயந்தாங்கொள்ளி என்றுதானே பெயர்? ஏழு வயதில் அந்தப் படத்தின் நடுவில் வீறிட்டு அழுது, நீ என்னைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தாய். "இனிமே இவள எங்கயும் கூட்டிட்டுப் போக முடியாது" என்றார் அப்பா. ஆறாம் வகுப்பில் நாடகத்தில் எனக்கு முதல் வேடம் கிடைத்தபோதும், மேடையில் நின்று அழுதுவிடுவேன் என்று அவரே போய் டீச்சரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார்.

டெஸ்டுக்கு முன்னால் படத்தை முழுதாகப் பார்க்க வேண்டும். இந்த முறையும் மாட்டேன் என்றால் இனி எதற்கும் கூப்பிடமாட்டேன் என்று இயக்குநர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். போகட்டுமா, வேண்டாமா? நீ சொல்வதைப் போல் செய்கிறேன்.

உன் தங்கை,
சின்னு


மார்ச் 11, திங்கள்

அன்புச் சின்னுவுக்கு,

எல்லோரும் சௌக்கியம். அப்பாவுக்குக் காது இன்னும் மந்தமாகிவிட்டது. அவர் டிவி பார்க்கும் சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் செய்தி தெரிந்துகொள்கிறார்கள். எனக்குத் தலைக்கு மேல் வேலை. எட்டு மாடி ஆஸ்பத்திரி ஒன்றில் லிஃப்ட் ஐந்தாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்கிறது.

நீ கேட்டதற்குப் பதில்: வேண்டாம். உனக்கு எதற்கு இந்த வம்பு? நல்ல மரியாதையாக ஒரு வேலை போய்க்கொண்டிருக்கிறது. ராணி வேடம் பேசினால் தொண்டை புண்ணாகும். அதோடு அந்தப் படமே சரியில்லை. குழந்தைகளுக்கு எடுத்த படமா அது? முடிவைத்தான் அன்றைக்கே உனக்குச் சொல்லியிருக்கிறேனே. தம்பியின் நிழலை மீட்க இறங்கிய அந்தப் பெண்ணின் நிழலையும் ராணி மடித்து உள்ளே வைத்து அலமாரியைப் பூட்டிவிடுகிறாள். அதோடு படம் முடிந்தது. அதைப் போய் இந்த வயதில் மறுபடி பார்ப்பானேன்? இயக்குநரிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடு. வேண்டுமானால் நானே போன் செய்து சொல்கிறேன்.

பார்க்காதே. அண்ணன் சொல்வதைக் கேள்.

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 19, செவ்வாய்

அண்ணா,

கோபத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் தட்டுத்தடுமாறிப் படித்துக்கொள்.

படம் பார்த்துவிட்டேன். நீ இவ்வளவு காரணம் அடுக்கியதுதான் என்னைப் பார்க்க வைத்தது. ஒரு காரணம் சொல்லியிருந்தால் கேட்டிருப்பேன். காலை பதினோரு மணிக்கு, எல்லா விளக்கும் எரிய, கதவைத் திறந்து வைத்து, கையில் டீயோடு உட்கார்ந்தேன். "என்னம்மா, பரீட்சைக்கா வந்திருக்க?" என்று கேட்டார் சவுண்ட் இன்ஜினியர்.

ராணி முதல்முதலில் வரும் இடம் வந்தது. கிணற்றின் அடியில் நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருக்கிறாள். அங்கேதானே நாம் எழுந்து வந்தோம்? கண்ணை மூடத் தயாராக இருந்தேன். மூடவே தோன்றவில்லை. ஏழு வயதில் அந்தக் கூந்தலின் நீளத்தைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தது அப்படியே நினைவுக்கு வந்தது. எதற்கு அழுதேன் என்பதுதான் எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

இனி முடிவு. நீ சொன்ன முடிவு படத்தில் கிடையவே கிடையாது. அந்தப் பெண் ராணியின் இடுப்பிலிருந்து சாவியைப் பறித்து அலமாரியைத் திறந்துவிடுகிறாள். பள்ளிக்கூடம் விட்ட மாதிரி நிழல்கள் எல்லாம் கத்திக்கொண்டு வெளியே ஓடுகின்றன. தம்பியின் நிழலைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் மேலே ஏறிவிடுகிறாள். ராணி காலி அலமாரிக்கு முன்னால் தனியாக நின்று, "யாராவது ஒருத்தர் இருங்களேன்" என்கிறாள். அவ்வளவுதான். ஜெயிக்கிறவள் அந்தப் பெண், அண்ணா. முப்பத்தோரு வருடமாக அவள் அலமாரிக்குள் கிடக்கிறாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்காக எவ்வளவு அழுதிருக்கிறேன் என்று உனக்குத் தெரியுமா?

நீயும் என்னோடு வெளியே வந்தவன்தானே. உனக்கு அந்த முடிவைச் சொன்னது யார்?

வெள்ளிக்கிழமை டெஸ்ட். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். உன்னிடம் அனுமதி கேட்டது என் தப்பு.

சின்னு
(அன்புடன் என்று எழுத மனம் வரவில்லை)


மார்ச் 27, புதன்

சின்னுவுக்கு,

யாரும் சொல்லவில்லை. நானாகக் கட்டிவிட்ட கதை அது.

அன்று பயந்தவன் நான். ராணி திரும்பப் போகிறாள் என்று தெரிந்ததும் எனக்கு உடம்பெல்லாம் உதறியது. கால்சட்டை நனைந்துவிடும் போல் இருந்தது. பின் வரிசையில் என் வகுப்புப் பையன்கள் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பதினோரு வயது எனக்கு. தனியாக எழுந்து ஓடினால் மறுநாள் பள்ளிக்கூடத்தில் தலைகாட்ட முடியாது. நீ பக்கத்தில் ஆடாமல் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாய். உன் தொடையில் நகம் பதியக் கிள்ளினேன். நீ வீறிட்டாய். "பாப்பா பயப்படுது, வழி விடுங்க" என்று சொல்லிக்கொண்டே உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"அண்ணன் கிள்ளிட்டான்" என்று நீ வெளியே வந்து சொன்னாய். கிள்ளியது நான் இல்லை, இருட்டில் ராணி கையை நீட்டிக் கிள்ளிவிட்டாள் என்றேன். நம்பிவிட்டாய். நீ மறுபடி அந்தப் படத்துக்குக் கூட்டிப்போகச் சொல்லி அடம்பிடித்துவிடக் கூடாது என்றுதான் அந்த முடிவையும் சொல்லி வைத்தேன்.

அப்பா உன்னை நாடகத்துக்கு விடாதபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். என் குட்டு உடைந்துவிடுமே என்று பேசாமல் இருந்தேன். அப்புறம் வருடம் ஓட ஓட, சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது இன்றும் இரண்டு டார்ச் எடுத்துப்போகிறேன். ஒன்று கெட்டுவிட்டால் ஆகுமென்று மற்றவர்களிடம் சொல்கிறேன்.

என் பயத்தை உன் தலையில் கட்டிவிட்டு நான் தைரியசாலியாகத் திரிந்தேன். மன்னிப்புக் கேட்கவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். என்னை மன்னித்துவிடு, சின்னு.

அண்ணன்


ஏப்ரல் 3, புதன்

அண்ணனுக்கு,

முதலில் என் செய்தி. ராணி நான்தான். வேடம் கிடைத்துவிட்டது.

எனக்கு முன்னால் நான்கு பேர் பேசினார்கள். நான்கு பேரும் ராணியைப் பேயாக்கிவிட்டார்கள். வளையலைக் கழற்றி வைத்துவிட்டு மைக் முன்னால் போய் நின்றேன். நானும் அடித்தொண்டையில் கரகரத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயக்குநர் தலையில் கைவைத்துக்கொண்டார். இன்னொரு தடவை பேசுகிறேன் என்று கேட்டு வாங்கினேன். இவள் கூப்பிட்டால் குழந்தைகள் ஏன் போகிறார்கள் என்று யோசித்தேன். பயமுறுத்திக் கூப்பிட்டால் யாராவது போவார்களா? நம் அம்மா சமையலறையிலிருந்து "வாங்கடா, ஆறிடப் போகுது" என்பாளே, அந்தக் குரலில் பேசினேன். அம்மா போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. என் தொண்டைக்குள்தான் இருந்திருக்கிறாள்.

கடைசி வரியைப் பேசி முடித்தேன். ஹெட்போனைக் கழற்றிப் பார்த்தால் சவுண்ட் இன்ஜினியர் தன் கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருக்கிறார், மயிர்க்கூச்செறிந்துவிட்டதாம். இயக்குநர் தன் பக்கத்து மைக்கின் பொத்தானை அழுத்தி, "இத்தன வருஷம் எங்கம்மா இருந்த?" என்றார். "இங்கதான் சார், சந்தைக் கூட்டத்துல" என்றேன்.

ஒரு வாரம் கழித்து உன் கடிதம் வந்தது. முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அழுதேன். அதற்குப் பிறகு வந்த கோபத்தில் இரண்டு தட்டு உடைந்தது. அதில் ஒன்று நல்ல தட்டு.

மன்னிப்பைத் தபாலில் அனுப்பிவிடுவேன் என்று நினைக்காதே. ஒன்று மட்டும் கேட்டுக்கொள். நீ உண்மையைச் சொல்வதற்கு முன்பே நான் ஜெயித்துவிட்டேன். பயந்தாங்கொள்ளி என்று நம்பிக்கொண்டே போய் நின்று ஜெயித்தேன். அது முழுக்க முழுக்க என்னுடையது. அதில் உனக்குக் காலணா பங்கு இல்லை.

படம் மே பத்தாம் தேதி வருகிறது. அதற்குள் அப்பாவிடம் நீயே உன் வாயால் சொல்ல வேண்டும், அவர் காதில் விழும்படி. பிறகு அவரைக் கூட்டிக்கொண்டு படத்துக்குப் போ. நடு வரிசையில் உட்கார். முடியும்வரை எழுந்திருக்கக் கூடாது. என்னால் வர முடியாது. அடுத்த படத்தில் கதாநாயகிக்குப் பேசுகிறேன், அன்றைக்கும் பதிவு இருக்கிறது. இரண்டையும் செய்துவிட்டு எழுது. செய்யவில்லையென்றால் எனக்கு இனிக் கடிதமே போடாதே.

சின்னு


மே 12, ஞாயிறு

அன்புச் சின்னுவுக்கு,

இரண்டையும் செய்துவிட்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் டிவியை அணைத்துவிட்டு அப்பாவிடம் சொன்னேன். காதில் விழும்படி சொல்லச் சொன்னாயே, மூன்று தடவை கத்த வேண்டியிருந்தது. இப்போது தெருவுக்கே தெரியும். "அப்ப பயந்தது நீயா?" என்றார். ஆமாம் என்றேன். "நாடகத்துக்கு நான் விட்டிருக்கணும்டா. எவ்ளோ ஆசையா வந்து கேட்டா" என்றார். அவர் கண் கலங்கி அம்மா போனபோதுதான் பார்த்திருக்கிறேன். உள்ளே போய் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். படம் நாளைக்குத்தான் என்று சொல்லி உட்கார வைத்தேன்.

நேற்று முன்தினம் மாலைக் காட்சி. நடு வரிசை. ராணி முதுகைக் காட்டி உட்கார்ந்து தலை வாரினாள். எனக்கு உள்ளங்கை வேர்த்தது, பொய் சொல்லவில்லை. அப்போது உன் குரல் வந்தது. எனக்கு எழுந்து ஓடத் தோன்றவில்லை, சின்னு. எழுந்து திரைக்குள் போய்விடத் தோன்றியது. அம்மா கூப்பிட்ட மாதிரியே இருந்தது. அவள் திரும்பினாள். முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தேன். அதற்குள் எனக்குக் கண் மறைத்துவிட்டது, சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு பார்த்தேன்.

"யாராவது ஒருத்தர் இருங்களேன்" என்று நீ சொன்னபோது தியேட்டரில் ஒருவர்கூட இருமவில்லை. விளக்குப் போட்டதும் கைதட்டினார்கள் பார், நம் வீட்டுக்கே வந்து கைதட்டியது போல் எனக்குப் பெருமை. சத்தம் போதவில்லை என்று அப்பா குறை சொல்லாத ஒரே படம் இதுதான்.

வாசலில் ஒருவர் தன் மகளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். "ராணிக்குப் பேசின அம்மா யாரோ, புள்ளைங்கள உக்கார வெச்சே நடுங்க வெச்சுட்டாங்க" என்றார் பொதுவாக. அப்பாவுக்கு இது மட்டும் ஒரே தடவையில் கேட்டுவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்த ஆளின் முன்னால் போய் நின்றார்.

"என் பொண்ணுங்க அது. பயம்னா என்னன்னே தெரியாது அவளுக்கு. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்."

அந்த மனிதர் என்னைப் பார்த்தார்.

"உண்மைதாங்க," என்றேன். "நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்."

என்றும் அன்புடன்,
அண்ணன்